கான்டாப்ரியன் மலைவளைவு: ஸ்லோப் 0.1 வருகிறது, அவசர உதவி

கூழாங்கல்:
நாளை காலை ஆய்வு கைடைப் பார்க்க வேண்டும். வட ஸ்பெயின் சுண்ணாம்புக்கற்கள், 14 இடங்கள். கல்லில் பதிந்த பழைய காந்தத்தின் டெக்லினேஷனை (வடக்கிலிருந்து விலகும் கோணம்) ஸ்ட்ரைக்கோடு (பாறை அடுக்கு ஓடும் திசை) வரைந்தால் கோட்டின் ஸ்லோப் 0.1. மலை வளைவாகவே பிறந்தது என்று எழுதிவிடலாமா?

செம்மண்:
பின்னால் ஏறிய காந்தத்தைக் கழிக்கக் கல்லை எத்தனை டிகிரி வரை சூடாக்கினீர்கள்? இன்க்ளினேஷன் (காந்தம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) எவ்வளவு? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

மலைத்தேன்:
ஸ்ட்ரைக்கை வலக்கை விதிப்படி (அடுக்கு எப்போதும் வலப்பக்கம் சரியும்படி) எழுதினீர்களா? நான் ஒரே நோட்டில் பாதி 40, பாதி 220 என்று குறித்துவைத்து ஒரு மாதம் அழுதேன். இங்கேயும் அதுதான், பந்தயம்.

கல்லுளிமங்கன்:
தம்பி, இது பால பாடம். நேராக இருந்த மலை பிறகு வளைந்தால் ஸ்லோப் 1, பிறவி வளைவென்றால் 0. ஆனால் வளைந்து முடித்த பிறகு பதிந்த காந்தமும் 0 தான் தரும். முதலில் படித்துவிட்டு வா.

கூழாங்கல்:
220 டிகிரி வரைதான் சார், அடுப்புக்கு வரிசை. இன்க்ளினேஷன் +60 சுமார், டில்ட் கரெக்‌ஷன் (அடுக்கின் சரிவை நிமிர்த்திக் கணக்கிடுவது) செய்யாதது.

செம்மண்:
பிடித்தாயிற்று. அட்சரேகை 43. அதன் டான் மதிப்பை இரட்டித்துக் கோணம் பாருங்கள், 62 வரும். நீங்கள் அளந்தது இன்றைய பூமிக் காந்தம், மேலே படிந்த அழுக்கு. கார்போனிஃபெரஸ் கடைசியில் (சுமார் 30 கோடி ஆண்டு முன்பு) ஐபீரியா (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) நிலநடுக்கோட்டுப் பக்கம் இருந்தது. இன்க்ளினேஷன் கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும். மேக்னடைட் (காந்தத்தைப் பிடித்துவைக்கும் இரும்புக் கனிமம்) 580 டிகிரி வரை தாங்கும். 300க்கு மேல் போய்ப் பாருங்கள்.

மலைத்தேன்:
வலக்கை விதியையும் பாருங்கள்.

சரளை:
இப்படி வளைந்த மலைக்கு ஓரோக்ளைன் என்று 1955-ல் பெயர் வைத்த புவியியலாளர் கேரிதானே பூமி ஊதிப் பெருக்கிறது என்றும் சொன்னவர்? அவர் யோசனையை எப்படி நம்புவது?

கல்லுளிமங்கன்:
ஊதல் தப்பு, வளைவு சரி. ஒருவர் இரண்டு யோசனை சொல்லக் கூடாதா? நேராக இருந்த மலை பிறகு வளைந்தது என்று கான்டாப்ரியாவில் காட்டிக்கொடுத்ததே தொல்காந்தம்தான் (பாறையில் பதிந்த பழைய காந்தம்).

சரளை:
மேல்தோல் மட்டும் மடங்கியதா, லித்தோஸ்பியர் (பூமியின் கெட்டியான வெளி ஓடு) மொத்தமுமா? அதைக் காந்தம் சொல்லுமா?

கல்லுளிமங்கன்:
சொல்லாது. அதற்குத் தனி இழை போடு.

கூழாங்கல் (11 நாள் கழித்து):
ஆறு இடங்கள் மட்டும் 500 வரை போயின. இன்க்ளினேஷன் 10க்குள், ஸ்லோப் 0.8. நன்றி செம்மண். மலைத்தேன் அண்ணா, இரண்டு இடங்களில் ஸ்ட்ரைக்கும் தலைகீழ்தான்.

மலைத்தேன்:
பந்தயக் காசு?