கொல்லிமலை முகாமுக்குப் போகிறோம், பார்மசி மாணவர்கள் அங்கே உருப்படியாக என்ன செய்யலாம்?

பிபார்ம்_மூன்றாமாண்டு

எல்லாருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.பார்ம் படிக்கிறேன். எங்கள் என்.எஸ்.எஸ். பிரிவு அடுத்த மாதம் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குக் கொல்லிமலையில் ஒரு கிராமத்துக்குப் போகிறது. வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, கோஷம் போட்டுக்கொண்டு ஒரு பேரணி, கடைசி நாள் பேனர் முன்னால் குரூப் போட்டோ. இதையெல்லாம் எந்தக் கல்லூரிப் பிள்ளைகளும் செய்துவிடலாம். மருந்து படிக்கிற நாங்கள் போகும்போது அதற்கென்று ஏதாவது செய்ய வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

சீனியர்கள் சொல்கிற யோசனை இதுதான்: மெடிக்கல் ரெப்களிடமும் தெரிந்த கடைகளிலும் சாம்பிள் மாத்திரை சேகரித்து, காய்ச்சல், உடம்புவலி, வாயுத்தொல்லை, சத்து மாத்திரை என்று பிரித்து இலவசமாகக் கொடுப்பது, கூடவே பி.பி., சுகர் பார்ப்பது. பொறுப்பாசிரியரும் சரி என்கிற மாதிரிதான் இருக்கிறார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. சோஷியல் அண்ட் பிரிவென்டிவ் பார்மசி பாடம் எட்டாவது செமஸ்டரில்தான் வருகிறது, அதனால் படித்ததிலிருந்தும் பதில் கிடைக்கவில்லை. களத்தில் இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

ஆசுநி_மருந்தாளுநர்

தம்பி, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. மாத்திரை கொடுக்காதீர்கள்.

முதலில் சட்டம். மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து பிரித்துக் கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான் உரிமை என்று 1948 பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் இன்னும் பதிவு பெறவில்லை. அங்கே சீட்டு எழுத மருத்துவரும் இருக்கப் போவதில்லை. சட்டத்தை விடுங்கள், மாத்திரை வாங்கிப் போகிற ஆளை நினைத்துப் பாருங்கள். முட்டிவலி என்று வரும் பாட்டிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அந்தப் பாட்டிக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ஏற்கெனவே வயிற்றுப்புண் இருக்கிறதா, வேறு எங்காவது இதே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா, எதுவும் தெரியாது. எட்டாம் நாள் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், ரத்தமாக வாந்தி எடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வார்? சாம்பிள் மாத்திரைகளில் பாதி காலாவதிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது தனிக்கதை.

இதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். வெறும் கையோடு வீடு வீடாகப் போய், "பாட்டி, வீட்ல இருக்குற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு மஞ்சள் பை வரும், அல்லது பிஸ்கட் டப்பா வரும். அதைத் திண்ணையில் கொட்டிப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த பி.பி. மாத்திரை இருக்கும் (2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், இன்று மலைக்கும் வந்துவிட்டது). கீழே டவுனில் தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்தது இருக்கும். மெடிக்கலில் வாங்கிய செட் மாத்திரை, போன வருஷம் பேரனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கில் மிச்சம், வெளியூர் வேலைக்குப் போன மகன் கொண்டுவந்த வலி மாத்திரை, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

இதில் நான் அடிக்கடி பார்ப்பது இரட்டிப்பு. அரசு அட்டையில் அம்லோடிபின் என்று பி.பி. மருந்தின் பெயர் இருக்கும், தனியார் அட்டையில் ஒரு கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் அதே அம்லோடிபின். நிறம் வேறு, அட்டை வேறு, அதனால் இரண்டையும் வேறு வேறு வியாதிக்கு என்று நினைத்து இரண்டையும் போடுகிறார்கள். கால் வீங்குகிறது என்று வருவார்கள், எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பார்கள். இது டாக்டர் கண்ணில் படாது, ஏனென்றால் ஒவ்வொரு டாக்டரும் தான் எழுதியதை மட்டும்தான் பார்க்கிறார். மொத்தப் பையையும் யாரும் பார்ப்பதில்லை. மூன்றாமாண்டு மாணவனுக்கு அந்தப் பொடி எழுத்தைப் படித்து இரண்டும் ஒன்று என்று கண்டுபிடிக்கத் தெரியும். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒரு தாளில் எழுதி, பையோடு சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

பார்ம்டி_அக்கா

மேலே அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறேன், ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் கண்ணில் படும்.

பி.பி.க்கு எனலாப்ரில் சாப்பிடுகிறவரிடம் வறட்டு இருமல் இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேள். மாத்திரையால் வருகிற இருமல் அது, ஆனால் ஊரில் அதற்கு சிரப் மேல் சிரப் குடித்துக்கொண்டிருப்பார்கள். சுகருக்கு கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போடுகிறவர்களிடம் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று கேள். மாத்திரையைப் போட்டுவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கவும் மரவள்ளிக் காட்டுக்கும் போய், பத்து பதினோரு மணிக்குக் களி சாப்பிடுகிறவருக்கு நடுவில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்பதை அவர் வெயில் என்றோ, பசி என்றோ, காத்து கருப்பு என்றோ நினைத்துக்கொள்வார். இந்த ஒரு கேள்வியைக் கேட்க எந்த மெஷினும் வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர் இருந்தால் சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார். நம்மூரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா உடைந்துபோய், கார்ட்ரிட்ஜிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும், ஆள் ராத்திரி தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் எங்கே வைக்கிறார்கள் என்றும் பார். உபயோகத்தில் இருக்கிற குப்பி அடுப்புச் சூடும் வெயிலும் படாமல் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும், மேலே குளிர்ச்சியான ஊர் என்பதால் ஈர மணலில் வைத்த மண்பானையே போதும். ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய விட்டிருந்தால், அதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

மூட்டுவலிக்கு என்று பேர் தெரியாத பொட்டலம் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். முகம் ஊதி, தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டினால், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படு. அங்கேயே "இதை நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. நாள்பட்டுச் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவரை அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்.

விளக்கும்போது கவரில் சூரியன், நிலா படம் வரைந்து கொடு. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் காலித் தட்டு, பின்னால் என்றால் சோறு வைத்த தட்டு. அப்புறம் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் காலைல எதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டால்தான் தெரியும்.

மெடிக்கல்_நடத்துபவர்

எல்லாரும் கொடுக்காதே என்கிறீர்கள். மலையில் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் பஸ் கிடையாது. கையில் ஒரு பாராசிட்டமால், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அந்த ராத்திரி தாண்டிவிடும். அதையும் கொடுக்காமல் வெறும் பேச்சோடு போவது எந்த வகையில் சேவை?

ஆசுநி_மருந்தாளுநர்

உங்கள் கவலை நியாயமானது, அந்த ராத்திரி எனக்கும் தெரியும். ஆனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் துணை சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கிறது. அங்கே இருப்பு இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்க வைப்பதுதான் மாணவர்கள் செய்யக்கூடிய பெரிய வேலை. பாக்கெட் இருக்கும் வீட்டிலும் கலக்கத் தெரிவதில்லை. ஒரு லிட்டருக்கானதைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள், உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு இன்னும் கெடுதல். அந்த வீட்டுச் சொம்பையே எடுத்து, எத்தனை சொம்பு ஒரு லிட்டர் என்று அளந்து காட்டி, அம்மாவையே கலக்க வையுங்கள். துத்தநாகம் 14 நாள் கொடுக்க வேண்டும், போக்கு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். கடையில் விற்கிற அட்டைப்பெட்டி ஜூஸையும் ஓ.ஆர்.எஸ். என்றே நினைத்து வாங்குகிறார்கள். சர்க்கரை அதிகமான அந்த பானங்களில் இனி அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது, ஊருக்குள் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது, நீங்கள் சொல்லுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு இருமல் சிரப் பற்றியும் பேசுங்கள். அதே மாதம் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த சிரப் குடித்த குழந்தைகள் இறந்த செய்தி வெளியே வந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் சிரப் வேண்டாம் என்பதை ஒரு அம்மாவாவது கேட்டுக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைக்காரன்

நான் மேலேயே பிறந்து வளர்ந்தவன். ஊர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு வந்து மைக் செட் போட்டால் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் காட்டில் இருப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அல்லது ரேஷன் கடை திறக்கிற நாளில் வரிசை பக்கத்தில் உட்காருங்கள். சந்தை நாளும் நல்லது. முதல் நாள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வீட்டு மாத்திரைப் பையைக் காட்டுவது என்பது வியாதியைக் காட்டுவது, காசநோய் மாத்திரை சாப்பிடுகிற பெண் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் பையைத் திறக்க மாட்டாள். கும்பலாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். போட்டோ எடுக்காதீர்கள்.

நாங்கள் வேர், தழை அரைத்துக் குடிப்பதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களிடம் எங்கள் ஆட்கள் அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள். என்ன குடிக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், சுகர் மாத்திரையோடு சுகருக்கான கஷாயமும் சேர்ந்து போகிறதா என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

தர்மபுரி பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. அங்கே 1993ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி வந்து ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கியதுதான். உங்கள் ஏழு நாளில் அது முடியாது, ஆனால் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்கள் இருக்கிறார்கள். அட்டையில் காலாவதி தேதி எங்கே இருக்கிறது, சிவப்புக் கோடு போட்ட அட்டையை ஏன் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால் அது ஊரில் நிற்கும்.

பிபார்ம்_மூன்றாமாண்டு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் பொறுப்பாசிரியரிடம் காட்டினேன், சாம்பிள் சேகரிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஏழு நாள் முடிந்ததும் எழுதி வைத்த தாள்களை என்ன செய்வது? வீடுகளில் கிடக்கிற காலாவதி மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா?

பார்ம்டி_அக்கா

தாள் இரண்டு பிரதி எழுது. ஒன்று நோயாளியின் பையிலேயே இருக்கட்டும், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் பார்ப்பார். இன்னொன்று கிராம சுகாதார செவிலியரிடம், அவர் கையில் நேரடியாக, நோயாளியின் சம்மதத்தோடு. கல்லூரிக்கு எடுத்துவந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயரோடு போடுவது தவறு. அப்புறம் என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் கணக்கு இருக்கிறதே, அதில் ஒரு பங்கை இதே ஊருக்கு ஒதுக்கச் சொல்லிக் கேள். இரட்டிப்பாக மாத்திரை போட்டவர் இப்போது எதைப் போடுகிறார் என்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தால்தான் நீ செய்தது வேலை செய்ததா என்று தெரியும்.

ஆசுநி_மருந்தாளுநர்

காலாவதி மாத்திரையை நீங்களாக வாங்கி எரிக்கவோ, குழி தோண்டிப் புதைக்கவோ, ஓடையில் கொட்டவோ கூடாது, அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். முகாமுக்கு முன்னாலேயே அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டியோடு இதையும் அனுப்ப முடியுமா என்று கேட்டு, ஒத்துக்கொண்டால் மட்டும் சேகரியுங்கள். அப்படியே அங்கே இருக்கிற மருந்தாளுநரையும் பார்த்துப் பேசுங்கள், எந்த ஊரில் யார் மாத்திரை வாங்க வராமல் நின்றுவிட்டார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து அவர் சொல்வார். அந்த வீடுகளிலிருந்து ஆரம்பியுங்கள்.