வாட்டில அன்டிபயோட்டிக் குறைக்கிறது: உங்கட இடத்தில ஆர் பார்க்கிறது?

வணக்கம். மட்டக்களப்பில ஒரு மெடிக்கல் வாட்டில வேலை செய்யிறன். உங்கட அனுபவம் கொஞ்சம் வேணும்.

சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மா, குளிர் காய்ச்சலோட வந்தா. இரவோட இரவா மெரொபெனம் எண்ட பலமான அன்டிபயோட்டிக் ஊசி தொடங்கினது. அதில பிழையில்ல. 3ஆம் நாள் யூரின் கல்ச்சர் வந்திட்டு: ஈ.கோலை கிருமி, சாதாரண அன்டிபயோட்டிக்கான கோ-அமொக்சிகிளாவுக்கே கேட்கும். காய்ச்சலும் விட்டு, கட்டில்ல இருந்து பாணும் பருப்பும் சாப்பிடுறா. ரிப்போர்ட் மட்டும் நோயாளிட கட்டில் கோப்புக்குள்ள (பீ.எச்.டி.) மடிச்சபடி கிடந்தது. 7ஆம் நாள் கனுலா போட்ட கை வீங்கின பிறகுதான் அதை விரிச்சன். என்ட பிழையும்தான்.

தொடங்கின அன்டிபயோட்டிக்கை 48–72 மணித்தியாலத்தில திரும்பப் பார்க்கவேணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆர் பார்க்கிறது? ஹவுஸ் ஒஃபிசரைக் கேட்டா, "சேர் தொடங்கினதை நான் எப்படி மாத்திறது" எண்டுறார். உங்கட ரவுண்டுக்கு பார்மசிஸ்ட் வாறாரா? மருந்து தொடங்கக்குள்ளேயே மறுபார்வை நாளையும் எழுதிவைக்கிற பழக்கம் இரிக்கா?

மற்றது மெலியோய்டோசிஸ், மண்ணிலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமியால வாற தொற்று. வயல் வேலை, கூடவே சீனி வருத்தம், நம்மட பக்கம் கனபேர் இப்படித்தானே. அதுக்கு செஃப்டாசிடீமோ மெரொபெனமோ குறைஞ்சது 10–14 நாள் ஊசியாப் போகவேணும், மறுகா 3 மாதமாவது கோ-ட்ரைமொக்சசோல். காய்ச்சல் விட்டிட்டு எண்டு நிப்பாட்டினா திரும்பி வரும். இந்தக் கிருமியை லாப்பில சிலநேரம் சூடோமோனாஸ் எண்டு பிழையா எடுக்கலாம். அதனால கல்ச்சரில "சூடோமோனாஸ்" எண்டு மட்டும் வந்தா, லாப்போட பேசாம நான் மருந்தில கை வைக்கிறல்ல. இந்த விதிவிலக்கை உங்கட அன்டிபயோட்டிக் மறுபார்வைப் படிவத்தில எப்படி எழுதியிருக்கீங்க?

படிவம் இருந்தா, நோயாளிட பெயரை மறைச்சு ஒரு போட்டோ போடுங்க.