மறு: அடுப்பு 'பேக் ஃபயர்' ஆகுறதுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்?

> 'பின்னெரிதல்' என்று வைத்துக்கொண்டால் போதாதா? இல்லாவிட்டால் 'உட்பற்று'?

வாத்தியாரய்யாவுக்கு வணக்கம். நம்ம அகராதிக்கு நீங்க சொன்ன சொல்லு பத்தி எழுதறேன். உட்பற்றுன்னு போட்டீங்கன்னா நம்ம காரைக்குடி பக்கம் பற்று வரவு எழுதி வளந்தவங்க எல்லாரும் கணக்கு நோட்டத்தான் தேடுவாங்க :) உள்ளெரிவும் வேணாம், ஜெலுசில் ஞாபகம் வருது. உள் + தீ சேத்தா இலக்கணப்படி உட்டீன்னு வருமாமே, அத டீக்கடையில சொல்லி பாருங்க.

பின்னெரிதல்ல எனக்கு இருக்குற பிரச்சனை வேற. சமையல்காரங்க ரெண்டு வேற வேற சங்கதிய ஒரே பேக் ஃபயர்னு சொல்றாங்க. ஒண்ணு, காக்க (கேஸ தொறந்து மூடுற திருகு) மூடும்போது 'டப்'புனு ஒரு சத்தம், அதோட முடிஞ்சிச்சு, பெருசா பயப்பட ஒண்ணுமில்ல. இன்னொண்ணு, அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருக்கும்போதே தீ பர்னர் ஓட்டைய விட்டுட்டு குழாய்க்குள்ள போயி ஜெட்டு (கேஸ் பீச்சி வர்ற சின்ன ஓட்டை உள்ள பித்தளை முனை) வாயில உக்காந்து எரியறது, மேல பாத்தா தீ செத்துப்போன மாதிரி இருக்கும், உள்ள மட்டும் 'உர்ர்'னு இரைச்சல், கொஞ்ச நேரம் விட்டா காத்து கலக்குற குழாய் தொட முடியாத அளவுக்கு காஞ்சி பெயிண்ட் உரிஞ்சி ஜெட்டச் சுத்தி கரி அப்பிக்கும். இத கவனிக்காம விட்டா காக்கு, ரப்பர் ட்யூபு வரைக்கும் சூடு போயிரும். ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சா மாஸ்டர் ஃபோன்ல சொல்றப்ப எதச் சொல்றார்னே நமக்கு புரியாது.

ஏன் உள்ள போகுதுன்னா, தீ பரவுற வேகத்த விட கேஸும் காத்தும் சேந்த கலவை வெளிய வர்ற வேகம் கொறஞ்சா தீ பின்னாடியே ஏறி உள்ள போயிரும், அவ்ளோதான் விஷயம். நம்ம ஊர்ல இது அதிகம் வர்ற இடம் பலகார அடுப்பு. கந்தரப்பத்துக்கும் வெள்ளைப் பணியாரத்துக்கும் எண்ணெ அளவா காயணும்னு பெரிய பர்னர்ல காக்க ஒரேடியா திருகி கொறைப்பாங்க, அந்த பர்னர் அவ்ளோ சின்ன தீக்கு செஞ்சதே கிடையாது. சின்ன பர்னருக்கு மாத்துங்கன்னா கேக்க மாட்டாங்க, சட்டி உக்காராதாம்.

அடுத்தது சிலிண்டர். கல்யாண வீட்ல மூணாங்கட்டுல வரிசையா அடுப்ப வச்சுட்டு ஒரே ஒரு 19 கிலோ சிலிண்டர்ல இழுப்பாங்க. திரவம் வாயுவா மாற சூடு வேணும், அத அது சிலிண்டர்ல இருந்தே எடுத்துக்கும், அதனால சித்திரை வெயில்லயும் அடிப்பாகம் வேர்த்து சில்லுனு ஆயிரும், பிரஷர் எறங்கிரும், தீ உள்ள ஓடிரும். கேஸ் தீந்துபோச்சுன்னு நெனைச்சி கழட்டுவாங்க, தூக்கிப் பாத்தா கனமா இருக்கும். இதுக்கு ரெண்டு மூணு சிலிண்டர மேனிஃபோல்டுல (எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கற குழாய்) சேத்து போடறதுதான் வழி, கீழ தீ காட்டறதெல்லாம் பேசவே கூடாது.

தீ உள்ள போக மத்த காரணங்க: காத்து ஷட்டர் (காத்து உள்ள வர்ற வழிய மூடித் தொறக்குற தகடு) ரொம்ப தொறந்திருக்கறது, பர்னர் தட்டு சரியா உக்காராம வெளிம்புல சந்து விழுறது, ஜெட்டுல அழுக்கு. ஜெட்ட ஊசி விட்டு நோண்டாதீங்கன்னு எத்தன தடவ சொன்னாலும்... பித்தளை அது, ஓட்டை பெருசாயிரும், அப்புறம் தீ மஞ்சளாகி பாத்திரமெல்லாம் கரி.

சரி, சொல்லுக்கு வர்றேன். 'தீ உள்வாங்கல்'. கடல் உள்வாங்குதுன்னு சொல்றோம்ல, அதே போலத்தான், இருந்த கரைய விட்டு உள்ள போகுது. அந்த டப் சத்தத்துக்கு 'அணைவெடி'ன்னு தனியா வச்சிரலாம்.

— செக்காலை அடுப்பு மெக்கானிக்

---

> தீ உள்வாங்கல்

தம்பி, நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்வாங்கல்னா இப்ப பள்ளிக்கூடத்துல பாடத்த புரிஞ்சிக்கறதுன்னு ஆயிப்போச்சே. தனியா ஒரு சொல்லா அகராதியில போட்டா கொழப்பம் வராதா? அப்புறம் இதுக்கு எதிர்ப்பக்கம், தீ பர்னர விட்டு மேல எழும்பி அந்தரத்துல எரியுமே, அதுக்கும் ஜோடியா வரணும்.

— தேவகோட்டை

---

அய்யா, தனியா போட வேணாம், 'தீ'ய சேத்தே போடுங்க. சொல்லு நிக்குமான்னு பாக்க நான் ஒரே ஒரு சோதனைதான் வைப்பேன், வினையா திருப்ப முடியணும். 'மாஸ்டர், ரெண்டாவது அடுப்பு தீ உள்வாங்கிருச்சு'ன்னு நாக்கு தடுக்காம வருது. 'பின்னெரிந்துவிட்டது'ன்னு எவன் சொல்லப் போறான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஏற்கெனவே அடுப்படியில ஆளுக சொல்றதே இருக்கு, 'தீ தூக்குது'. அது பிரஷர் கூடுனாலோ காத்து கூடுனாலோ வரும், ஷட்டர கொஞ்சம் மூடுனா பெரும்பாலும் எறங்கிரும். அத அப்படியே தீ தூக்கல்னு எடுத்துக்கலாம், புதுசா கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல.

பதிவு இப்படி போடலாமா பாருங்க:

தீ உள்வாங்கல்: எரிந்துகொண்டிருக்கும் தீ பர்னர் துளைகளை விட்டுக் கலவைக் குழாய்க்குள் சென்று ஜெட் வாயில் எரிதல்.

இதுக்கு கீழயே இன்னொரு வரி கட்டாயம் வேணும்: 'உடனே காக்கை மூடவும்; குழாய் ஆறிய பிறகே மீண்டும் பற்றவைக்கவும்.' சூட்டோட பத்த வச்சா திரும்ப உள்ள போயிரும். அகராதியில செய்முறை எதுக்குன்னு குழுவுல யாராவது கேட்டா என் பேர சொல்லிருங்க, நான் பேசிக்கிறேன்.