கரண்ட் பில் மூன்று மடங்கு ஆகிவிட்டது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? (சேலம், அம்மாப்பேட்டை)

கீழ்வீடு (கேட்டவர்):

வணக்கம். அம்மாப்பேட்டையில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்கார அம்மாவின் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர், தனித்தனி சர்வீஸ் நம்பர். எங்கள் பில்லை நாங்களே கட்டிவிடுவோம்.

வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் பக்கம் ஓடும், ஆயிரத்துச் சொச்சம் வரும். போன தடவை 640 யூனிட், 3,258 ரூபாய். அதுவும் கார்த்திகை, மார்கழி மாத பில். ராத்திரியில் ஃபேன்கூட சரியாக ஓடாத நாட்கள். ஏசி கிடையாது. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், டேபிள் டாப் கிரைண்டர், நான்கு ஃபேன், சில ட்யூப் லைட், அவ்வளவுதான். குளிக்க வெந்நீர் கேஸ் அடுப்பில் வைக்கிறோம். போர் மோட்டார் மாடி சர்வீஸில் இருக்கிறது.

என் கணவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, இப்போது முன்பு போல் வேலை வருவதில்லை. அடுத்த பில்லும் இப்படியே வந்தால் தாங்காது. பக்கத்து வீட்டில் "ஃப்ரிட்ஜ் பழசு, மாற்றிவிடு" என்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா, "மாடிக்காரர்கள் உங்கள் லைனில் இழுக்கிறார்கள்" என்கிறார். அவர்கள் நல்ல மனிதர்கள், வாய்க்கு வந்தபடி பழி போட எனக்கு மனமில்லை. எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி:

முதலில் ஒன்று. ரூபாய் மூன்று மடங்கு ஆனதால் கரண்டும் மூன்று மடங்கு போனது என்று அர்த்தமில்லை. யூனிட்டைப் பாருங்கள், 380 என்பது 640 ஆகியிருக்கிறது. மிச்ச அடி எல்லாம் 500-ஐத் தாண்டியதால் விழுந்தது.

2024 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி சொல்கிறேன். இரண்டு மாத உபயோகம் 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆகவே 380 யூனிட்டுக்கு 1,081 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையே போய்விடும். 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45. சரியாக 500 என்றால் 1,805. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048. உங்கள் 640-க்குக் கணக்குப் போட்டேன், 3,258 சரியாகவே வருகிறது. பில் போட்டதில் தப்பு இல்லை.

வெள்ளை அட்டையில் போன ரீடிங் தேதியையும் இந்த ரீடிங் தேதியையும் பாருங்கள். பத்து நாள் தள்ளி வந்து எடுத்திருந்தாலே ஸ்லாப், அதாவது கட்டணப் படி, மாறிவிடும். வீடு பூட்டியிருந்ததாக எழுதி முந்தைய கணக்கை வைத்துப் போட்டார்களா என்பதையும் பாருங்கள்.

கீழ்வீடு:

அண்ணா, தேதி சரியாக அறுபது நாள்தான். பூட்டியிருக்கவில்லை, நான் வீட்டில்தான் இருந்தேன். அட்டையில் எழுதிய ரீடிங்கும் மீட்டரோடு ஒத்துப்போகிறது.

செவ்வாய்ப்பேட்டை:

பழைய ஃப்ரிட்ஜ் என்றால் அதுதான் காரணமாக இருக்கும். கதவு ரப்பர் போயிருந்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துவிடுங்கள், மாதத் தவணையிலும் தருகிறார்கள்.

வயர்மேன், சூரமங்கலம்:

தங்கச்சி, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பில்லைக் கண்டு பயந்து தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கி, அதற்கப்புறமும் அதே பில் வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கூடுதலாக ஓடியது 260 யூனிட், நாளுக்கு நாலேகால். ஒரு சாதா ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் 130, 140 வாட் இழுக்கும். இருபத்து நாலு மணி நேரமும் நிற்காமல் ஓடினாலும் மூன்று, மூன்றரை யூனிட்தான். அதில் ஒரு யூனிட் வழக்கமாக ஓடுவது. ஃப்ரிட்ஜ் மட்டும் இதைச் செய்ய முடியாது.

மீட்டரே பதில் சொல்லும். முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கும், சிலதில் 1600 இருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். இப்போது இதைச் செய்யுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெயினையும் ஆஃப் செய்துவிட்டு, மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நல்ல மீட்டர் அப்போது மின்னவே கூடாது. மின்னவில்லை என்றால் மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஆன் செய்து எதில் வேகம் கூடுகிறது என்று பாருங்கள். மெயின் ஆஃபில் இருந்தும் மின்னினால் வேறு எதையும் தொடாமல் இங்கே வந்து எழுதுங்கள்.

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாருங்கள். ஒரே நேரத்தில் பார்த்தால் பாதிதான் தெரியும். மீட்டர் சீலில் கை வைக்கவே கூடாது, அது பெரிய வம்பு.

ஏற்காடு, நாகலூர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் பில் பிரச்சினைதான், ஆனால் காரணம் தெரியும், கீசர். 25 லிட்டர். இந்தக் குளிரில் காலையிலிருந்து ராத்திரி வரை ஆனிலேயே கிடக்கிறது. அதுதான் தானாகவே கட் ஆகிறதே, அப்புறமும் ஏன் இவ்வளவு?

வயர்மேன், சூரமங்கலம்:

தானாகக் கட் ஆகும், ஆறினதும் தானாகவே மறுபடி போடும். 25 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் வேண்டும், அதை எந்தக் கம்பெனி கீசரும் குறைக்க முடியாது. ஏற்காட்டில் குழாயில் வரும் தண்ணீரே சேலத்தைவிடக் குளிர்ந்து வருவதால் இன்னும் கூடும். யாரும் குளிக்காத நேரத்தில் ஆறி ஆறிச் சூடாவதுதான் நீங்கள் குறைக்கக்கூடிய பகுதி. குளிக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 50, 55-ல் வையுங்கள். வெந்நீர்க் குழாய் வெளிச்சுவரில் போனால் அதற்கு ஃபோம் உறை போடுங்கள், விலை அதிகமில்லை.

கீழ்வீடு:

அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். எங்கள் மெயின் பழைய மாடல், ஃபியூஸ் கட்டை. அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பார்த்தேன். மத்தியானம் மின்னவே இல்லை. காலை ஆறரை மணிக்குப் பார்த்தால் கட்டை என் கையில் இருக்கிறது, மீட்டர் வேகமாக மின்னுகிறது! நொடிக்கு இரண்டு தடவை இருக்கும். எர்த் என்று குறித்த இன்னொரு விளக்கும் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நின்றுவிட்டன. ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி அதே மாதிரி. எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர் வீட்டு அக்கா சொன்னது உண்மைதானா?

அஸ்தம்பட்டி:

மீட்டர் கெட்டுப்போய்விட்டது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பணம் கட்டினால் மீட்டரைச் சோதிப்பார்கள். மின்னகம் எண்ணிலும் புகார் சொல்லலாம்.

வயர்மேன், சூரமங்கலம்:

அந்த வழி இருக்கிறது, ஆனால் இந்த மீட்டர் கெடவில்லை என்றே நினைக்கிறேன். கெட்ட மீட்டர் காலை ஆறரைக்கும் ராத்திரி எட்டுக்கும் பார்த்து ஓடாது. நொடிக்கு இரண்டு தடவை என்றால், 3200 போட்ட மீட்டரில் 2,000 வாட்டுக்குக் கொஞ்சம் மேல் சுமை. குளிக்கிற நேரம். மாடியில் ஹீட்டர் இருக்கிறதா? புதிதாகப் போட்டதா?

கீழ்வீடு:

ஆமாம் அண்ணா! ஐப்பசியில் மாடிப்படி ஓரமாக ஒரு பாத்ரூம் கட்டினார்கள். அதில் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள்.

வயர்மேன், சூரமங்கலம்:

அப்படியென்றால் விஷயம் பிடிபட்டது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் யாரும் திருடவில்லை.

கரண்ட் பேஸ் என்ற கம்பியில் வந்து நியூட்ரல் என்ற கம்பியில் திரும்பிப் போக வேண்டும். சிங்கிள் பேஸ் மின்னணு மீட்டர்கள் பெரும்பாலும் இரண்டு கம்பியிலும் போவதைத் தனித்தனியாக அளக்கும், எதில் அதிகமோ அதை வைத்து யூனிட் ஏற்றும். நியூட்ரலை விட்டுவிட்டு எர்த்தில் திருப்பிக் கரண்ட் எடுப்பவர்களைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. இரண்டும் சமமாக இல்லை என்றால் அந்த எர்த் விளக்கு எரியும்.

புது பாத்ரூமுக்கு வயரிங் செய்தவர் பேஸை மாடி லைனிலிருந்து எடுத்திருப்பார். நியூட்ரலுக்கு மேலே வரை போகச் சோம்பி, கையெட்டும் தூரத்தில் இருந்த மாடிப்படி லைட் பெட்டியில் முறுக்கிவிட்டிருப்பார். மாடிப்படி லைட் எப்போதும் சந்தேகத்துக்குரிய இடம். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் என்று இரண்டு வீட்டுக் கம்பியும் அங்கேதான் சந்திக்கும். அந்த நியூட்ரல் உங்களுடையது. ஹீட்டர் கரண்ட் அவர்கள் மீட்டர் வழியாகப் போய் உங்கள் மீட்டர் வழியாகத் திரும்புகிறது. அவர்கள் மீட்டரும் எண்ணுகிறது, உங்கள் மீட்டரும் எண்ணுகிறது. அந்த அம்மாவும் அதே யூனிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியும் நிற்காததற்குக் காரணம், அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இருக்கும்.

உறுதி செய்யச் சண்டை வேண்டாம். அந்த அம்மாவைக் கீழே கூப்பிட்டு மீட்டர் முன்னால் நிற்க வையுங்கள். மேலே பிள்ளைகளை விட்டு ஹீட்டரை ஒரு தடவை போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அவரே கண்ணால் பார்த்துக்கொள்வார்.

சரிசெய்வதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும், இரண்டு சர்வீஸையும் ஆஃப் செய்துவிட்டு. தெருவில் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டு வீடும் வெவ்வேறு பேஸில் இருந்து, கலந்து கிடக்கும் நியூட்ரல் எங்காவது கழன்றுவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய ஃபேனுக்கும் டிவிக்கும் 400 வோல்ட் வரை போய்விடும். படிக்கட்டு லைட்டுக்குப் போட்ட மெல்லிய கம்பியில் ஹீட்டர் கரண்ட் ஓடுவதும் ஆபத்து, உருகித் தீப்பிடிக்கலாம். அதனால் பில்லை விடுங்கள், இன்றைக்கே அந்த ஹீட்டரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீழ்வீடு:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. வீட்டுக்கார அம்மா மீட்டரைப் பார்த்ததும் அவராகவே ஆளை வரவழைத்தார். படிக்கட்டு லைட் பெட்டியைத் திறந்தால் டேப் சுற்றிய முறுக்கு, டேப் கருகியிருந்தது. ஹீட்டருக்கு மாடி டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) தனியாக பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இழுத்துவிட்டார்கள். படிக்கட்டு லைட்டையும் முழுசாக மாடி லைனுக்கே மாற்றியாயிற்று. இப்போது ஹீட்டர் போட்டாலும் எங்கள் மீட்டரில் அசைவில்லை, எர்த் விளக்கும் எரியவில்லை. எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

கூடுதலாகக் கட்டியதை அலுவலகத்தில் கேட்டால் திருப்பித் தருவார்களா? அந்த அம்மா வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார், வாங்கலாமா என்று கூச்சமாக இருக்கிறது.

வயர்மேன், சூரமங்கலம்:

மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது வீட்டு வயரிங், அதில் நடந்த தவறுக்கு மின்வாரியம் பணம் தராது. மீட்டர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டு வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, அவரே மனமுவந்து சொல்கிறார். 3,258-ல் 1,081 போனால் 2,177.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற மெயினும், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமில்லை என்றால் தானாக அணைக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இருந்திருந்தால் ஹீட்டர் போட்ட முதல் நாளே டிரிப் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பதும் அதுதான். குழந்தைகள் இருக்கிற வீடு.

கொண்டலாம்பட்டி:

இந்த பில்லையும் இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். ரீடிங் எடுத்து எத்தனை நாள், இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது?

கீழ்வீடு:

25 நாள் அண்ணா. 265 யூனிட்.

கொண்டலாம்பட்டி:

பாக்கி 35 நாளுக்கு உங்கள் பழைய வேகத்தில் 222 ஓடும். மொத்தம் 487, பில் 1,723 ரூபாய். 500-க்கு 13 யூனிட்தான் இடைவெளி, ரீடிங் எடுப்பவர் மூன்று நாள் தள்ளி வந்தாலே தாண்டிவிடும். நாளுக்கு ஆறு யூனிட்டுக்குள் பிடித்தால் 475-ல் நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். அறுபதாவது நாள் யாரும் வரவில்லை என்றால் அன்றைக்கே மீட்டரைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.