புதுப்பிப்பு: விவாகரத்து வக்கீலிடம் கேட்ட கேள்விகள்

விவாகரத்துக்கு வக்கீல் தேடுகிறேன், முதல் சந்திப்பில் என்னென்ன கேட்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. வக்கீல் முடிவாகிவிட்டார், மனு இன்னும் தாக்கலாகவில்லை.

பலரும் சொன்ன "எத்தனை கேஸ் ஜெயிச்சிருக்கீங்க?" என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. குழந்தை, வீடு, ஜீவனாம்சம் எல்லாம் கலந்த வழக்கில் வெற்றிக் கணக்கு எதையும் காட்டாது. "என் நிலைமையில் எனக்குப் பாதகமானது எது?" என்று கேட்டதும்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒருவர் "கவலையே படாதீங்க, முடிச்சிடலாம்" என்றார். இன்னொருவர் கூட்டுக் கடன் இருக்கிறதா, குழந்தை இப்போது யாரிடம், கையில் என்ன ஆவணங்கள் என்று திருப்பிக் கேட்டார். அவரையே வைத்துக்கொண்டேன்.

கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் எது அடங்கும்? இடைக்கால மனு, சமரசப் பேச்சு, மேல்முறையீடு தனிக் கணக்கா? பாதியில் வக்கீலை மாற்றினால் முன்பணத்தில் மீதி திரும்புமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினேன். (கூச்சமாகத்தான் இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.)

கோர்ட்டில் அவரே நிற்பாரா, ஜூனியர் வருவாரா என்றும் கேளுங்கள். ஜூனியர் வருவதில் தப்பில்லை, யார் என்று முன்பே தெரிந்தால் போதும். எதிர்த்தரப்புக்கு எப்போதாவது வேலை பார்த்திருக்கிறாரா என்பதையும் விடாதீர்கள். இதை யாருமே சொல்லவில்லை!

அடுத்து சமரசப் பேச்சு. ஒத்துவந்தால் இருவரும் சேர்ந்தே மனு போடுவோம்.