வளையம் எப்போது வெளியே வந்தது என்றே தெரியவில்லை

குறிஞ்சி:
நேரம் பார்த்து மாத்திரை விழுங்கும் பொறுமை எனக்கு இல்லை. அதனால்தான் மருத்துவரிடம் பேசி, யோனிக்குள் வைக்கும் கருத்தடை வளையத்துக்கு மாறினேன். உள்ளே இருப்பதே தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். இன்று காலை போர்வையை உதறினால், மெத்தை ஓரத்தில் கிடக்கிறது! படுக்கும்போது இருந்ததா, சத்தியமாகத் தெரியாது. இது இரண்டாவது வாரம். குழாய்த் தண்ணீரில் கழுவி உடனே வைத்துவிட்டேன். "அதுதான் வைத்துவிட்டாயே, பிறகென்ன" என்கிறார் கணவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். வெந்நீரில் கழுவியிருக்க வேண்டுமோ?

நொச்சி:
வெந்நீர் கூடவே கூடாது. குளிர்ந்த நீரோ வெதுவெதுப்பான நீரோ போதும். நீங்கள் செய்தது சரி.

மூன்று வாரம் வைத்து ஒரு வாரம் எடுத்துவிடும் வகைதானே உங்களுடையது? அதற்குக் கணக்கு மூன்று மணி நேரம். அதற்குள் திரும்ப வைத்துவிட்டால் பாதுகாப்பு குறையாது. எப்போது விழுந்தது என்று தெரியாதபோது, மூன்று மணி நேரம் தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களில் இப்படி நேர்ந்தால் வளையத்தைத் திரும்ப வைத்து, அடுத்த 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது வாரமாக இருந்தால் கதை வேறு: பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நேற்றிரவு உறவு இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவசரக் கருத்தடை தேவையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். அதில் நாள் கடத்தக் கூடாது.

மலச்சிக்கலில் முக்கும்போதும், மாதவிடாய்க்கு உள்ளே வைக்கும் பஞ்சான டாம்பூனை இழுக்கும்போதும், உறவின்போதும் அது நழுவுவதுண்டு. நான் கழிப்பறையிலிருந்து எழும் முன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிடுவேன். வழவழப்பான ஓரம் தட்டுப்பட்டால் சரி. எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது வாசலை அடைத்து விந்தைத் தடுப்பதில்லை. ஹார்மோன் யோனிச் சுவர் வழியாக இரத்தத்தில் கலந்து, முட்டை வெளிவருவதை நிறுத்துகிறது.

தாழை:
ஹார்மோன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஈஸ்ட்ரோஜனும் உண்டு. தலைவலிக்கு முன்னால் என் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடுகள் ஓடும். அதைக் கேட்டதுமே மருத்துவர் வளையமும் வேண்டாம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் வேண்டாம் என்றுவிட்டார். பக்கவாத அபாயம் கூடுமாம். இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும் இது ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தாலோ, வலிப்புக்கான சில மருந்துகள் எடுத்தாலோ வளையத்தின் பலன் குறையும். தோழி சொன்னாள் என்று வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல இது.

குறிஞ்சி:
எனக்கு அவை எதுவும் இல்லை, மருத்துவர் முதலிலேயே குடைந்து குடைந்து கேட்டார். உறவு நேற்றிரவு இல்லை, ஆனால் இந்த வாரம் உண்டு. இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். இன்னொன்று: உறவின்போது சில நேரம் வளையம் இடிக்கிறது என்கிறார் கணவர். அப்போது எடுத்துவிடலாமா?

நொச்சி:
எடுக்கலாம், அதே மூன்று மணிக் கணக்குதான். ஆனால் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே நான் எடுப்பதில்லை. இடித்தால் இடிக்கட்டும், பழகிவிடுவார்.