புதுப்பிப்பு: மெஸ்தாயாவின் வெண்கல ரசிகர்

ஸ்பெயினின் வலென்சியா கால்பந்து அணியின் பழைய ரசிகர்களைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, விசென்தே நவாரோவின் சிலை மைதான வாசலில் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். தவறு. அணியின் சொந்த மைதானமான மெஸ்தாயாவுக்கு உள்ளேதான், அவருடைய 15ஆம் வரிசை, 164ஆம் எண் இருக்கையிலேயே வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார். 2019இல், கிளப்பின் நூற்றாண்டில் வைத்தார்கள். 54 வயதில் பார்வை போன பிறகும் மனிதர் வருவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் மகன் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, காதாலேயே பார்த்தார்.

டிரம் அடிக்கும் மனோலோவை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு: அவர் முதன்மையாக ஸ்பெயின் தேசிய அணியின் ரசிகர். பெரிய கறுப்புத் தொப்பி, அதைவிடப் பெரிய டிரம். மெஸ்தாயாவுக்கு அருகில் மதுக்கடை நடத்தியவர். 2025 மே மாதம் காலமானார். அவருக்கு நேர் முன்னால் உள்ள வரிசையில் டிக்கெட் கிடைத்தவர்களின் காதுகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.